சுரக்ஷாவில் கை வைக்க விடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இருபத்தொரு வருடமாகப் படிப்பிக்கிறேன். வகுப்பாசிரியையின் மேசையில் வரவு இடாப்புக்கு அடுத்தபடி குவிந்து கிடப்பவை படிவங்கள்தான். அவற்றில் ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன்: அரசாங்கத்தின் சுரக்ஷா மாணவர் காப்புறுதி.

2017இல் அது வந்தபோது, இன்னொரு கடதாசி வேலை என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருத்தி. பாடசாலை மாணவருக்கு வைத்தியச் செலவு, விபத்து இழப்பீடு, தாயோ தகப்பனோ இறந்தால் ஓர் உதவித்தொகை. பெற்றோர் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. என் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாயுடைய வங்கிப் புத்தகத்தில் முதன்முதலாகப் பணம் விழுந்ததைக் கண்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

பொருளாதார நெருக்கடியோடு அது இடையில் நின்றுபோனது. அந்த இடைவெளியில்தான் தரம் 7 படித்த ஒரு பையன் பாலைப்பழம் பறிக்க ஏறி, விழுந்து, தொடையெலும்பை முறித்துக்கொண்டான். (பாலைப்பழக் காலத்தில் வன்னிப் பையனை மரத்தால் இறக்க எந்த ரீச்சரால் முடியும்?) யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். கட்டில் இலவசம், அறுவைச் சிகிச்சை இலவசம்; வைத்தியர்கள் பொன்னாகப் பார்த்தார்கள். ஆனால் எலும்புக்கு வைக்கும் தகட்டை வெளியில் வாங்கி வரச் சொன்னார்கள். தாய் தோட்டக் கூலி, தகப்பன் இல்லை. மகனோடு விடுதியில் இருந்த பத்தொன்பது நாளும் கூலி இல்லை. தோடு அடகுக்குப் போனது.

திரும்பி வந்தவர் ஒரு பொலித்தீன் பையை என் மேசையில் கொட்டினார். மருந்துக்கடைப் பற்றுச்சீட்டுகள், நாலாக மடித்த பஸ் டிக்கெட்டுகள், ஓட்டோக்காரர் சிகரெட் பெட்டி மட்டையில் எழுதிக் கொடுத்த கணக்கு. டிக்கெட்டையும் ஒட்ட வேண்டுமா என்று கேட்டார். ஒட்டுவதற்குப் படிவமே இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

இலவச வைத்தியம் உள்ள நாட்டில் காப்புறுதி எதற்கு என்று கேட்பவர்கள் அந்தப் பையைப் பார்த்திருக்க வேண்டும். 2024இல் திட்டம் மறுபடி வந்தது, நல்லது. ஆனால் சிக்கனம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் வெட்டுப்படுவது இப்படிப்பட்ட, சத்தம் போடத் தெரியாத ஒதுக்கீடுகள்தான். போன முறை நின்றபோது நாங்களும் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் சங்கக் கூட்டத்தில்கூடச் சம்பளத்தைத்தான் பேசினோம். ஏழைகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்றும் சிலர் சொல்வார்கள். அரசாங்கத்தின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுப் பட்டியலில் யார் யார் விடுபட்டார்கள் என்று அவர்கள் எங்கள் ஊருக்கு வந்து கேட்டுப் பார்க்கட்டும்.

மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றுக்குமாக வன்னித் தேர்தல் மாவட்டத்திலிருந்து 6 பேர் பாராளுமன்றத்தில் இருக்கிறார்கள். ஆளும் தரப்போ எதிர்த்தரப்போ, அது எனக்குப் பொருட்டில்லை. அவர்களிடம்தான் கேட்கிறேன். வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் கல்வி அமைச்சின் முறை வரும் நாளில் சபையில் இருங்கள். சுரக்ஷாவுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது, எத்தனை இழப்பீட்டுக் கோரிக்கை தேங்கிக் கிடக்கிறது என்று கேளுங்கள். குறைத்திருந்தால் எதிர்த்து வாக்களியுங்கள். திட்டம் நின்றிருந்த காலத்தில் படுக்கையில் கிடந்த பிள்ளைகளின் கோரிக்கைகளையும் ஏற்க வேண்டும் என்று கேளுங்கள்.

அந்தத் தாய் பையை இன்னமும் வைத்திருக்கிறார். போன தவணை கொண்டுவந்து காட்டினார். மருந்துக்கடைச் சீட்டுகளில் அச்சு மங்கி, வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டன. ஓட்டோக்காரரின் பேனாக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஓர் ஆசிரியை,
ஒட்டுசுட்டான்