முள்ளோடையைத் தாண்டினால் முதல் ரூபாயிலேயே பதிவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜிஎஸ்டி சட்டம் பெரிய நிறுவனத்துக்கும் சிறு வியாபாரிக்கும் ஒன்றுதான் என்றாலும், கடலூர் போன்ற எல்லையோர ஊர்களில் அதன் பாரம் சிறியவர் தலையில்தான் இறங்குகிறது.

தமிழ்நாட்டில் பொருள் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை, பொதுவாக அவர் ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் வீட்டிலேயே முறுக்கும் மிக்சரும் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர், தம் சரக்கை நாகர்கோவில் வரை அனுப்பினாலும் இந்தச் சலுகை உண்டு. அதே பாக்கெட்டுகளை மொபெட்டில் கட்டிக்கொண்டு, புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டி, கூப்பிடு தூரத்தில் உள்ள கிருமாம்பாக்கத்துக் கடைக்குப் போட்டால் அது வெளிமாநில விற்பனையாகிவிடுகிறது. முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்பவர்கள் விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்திலும் அவர் சேர முடியாது. ஒரு பாக்கெட்டும் விற்காத காலத்துக்கும் ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம், வரி கட்ட வேண்டிய காலமென்றால் 50 ரூபாய். மாவு பிசைகிற கைதான் பில்லும் எழுத வேண்டும், ஆடிட்டருக்குத் தனியாகப் பணமும் தர வேண்டும். இரு மாநிலங்களிலும் கிடங்கும் பதிவும் கணக்குப் பிரிவும் வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு இந்த எல்லை ஒரு பொருட்டே அல்ல.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பாடு இன்னும் மோசம். புதுச்சேரியில் சரக்கு விற்பனைக்கான வரம்பே 20 லட்சம்தான்.

விதிகளே வேண்டாம் என்பது என் வாதமல்ல. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் புகையையும் கழிவையும் அறிந்த ஊர்க்காரன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால், வெளிமாநிலத்துக்குச் சேவை வழங்கும் சிறியவர்களுக்கு 2017 அக்டோபரிலேயே 20 லட்சம் வரை விலக்கு தந்தார்கள்; கைவினைப் பொருள்களுக்கும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. முறுக்கு சுடுபவருக்கு மட்டும் ஏன் இல்லை என்பதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இந்த வரி விதிகளைப் பரிந்துரைக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் இடம் உண்டு. சிறு உற்பத்தியாளர்களின் வெளிமாநில விற்பனைக்கும் அதே விலக்கை இரு அரசுகளும் சேர்ந்து அங்கே கேட்டுப் பெற வேண்டும். புதுச்சேரி அரசு தன் வரம்பையும் 40 லட்சமாக உயர்த்த முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.