வானம் பார்க்க இடம் தேடுவோருக்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிள்ளைகளுக்குத் தொலைநோக்கி வாங்கித் தர நினைக்கும் பெற்றோரிடம், “சிங்கப்பூரில் ஒன்றும் தெரியாது, மலேசியாவில் மெர்சிங் போங்கள்” என்று பலர் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எதைப் பார்க்கப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகுதான் இடத்தைத் தேட வேண்டும்.

உலகிலேயே ஒளிமாசு, அதாவது இரவு வானை மறைக்கும் விளக்கு வெளிச்சம், மிகுந்த நாடு சிங்கப்பூர் என்று 2016இல் வெளியான உலக வரைபட ஆய்வு சொன்னது. அதை மறுக்கவில்லை. ஆனால் நிலவுக்கும் கோள்களுக்கும் இருட்டு தேவையே இல்லை. காற்று அதிகம் அலைபாயக்கூடாது, கோள் வானில் உயரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான். பூமத்திய ரேகைக்கு மிக அருகில் இருக்கும் நமக்கு அந்த உயரம் எந்த ஆண்டும் கிடைக்கிறது. 2019, 2020இல் வியாழன் லண்டன் வானில் 20 பாகைகூட ஏறவில்லை. இங்கே 65 பாகையைத் தாண்டி நின்றது! இதற்கு அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் புல்தரையே போதும். பலமாடி கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில் வானம் இன்னும் அகலமாகத் தெரியும் என்றாலும், பகலெல்லாம் வெயில் வாங்கிய கான்கிரீட் முன்னிரவில் சூட்டை வெளிவிடும். சனியின் வளையம் நெளிந்து தெரியும். அங்கே போவதானால் நேரம் கழித்துப் போங்கள்.

நட்சத்திரங்களுக்குத் திசைதான் முக்கியம். மே மாதம் இரவு 9, 10 மணிக்கு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் தெற்கு நோக்கி நின்றால், கப்பல் விளக்குகளுக்கு மேலே தென்சிலுவை தெரியும். அதே நேரத்தில் வடக்கே, பொங்கோல் கரையிலிருந்து சப்தரிஷி மண்டலத்தைப் பார்க்கலாம். சித்திரை நட்சத்திரம் உயரத்தில் நிற்கும், கேட்டை தென்கிழக்கில் செந்நிறமாக ஏறிவரும். பஞ்சாங்கத்தில் பெயராக மட்டும் அறிந்த நட்சத்திரங்களை நம் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

பால்வீதியைப் படமெடுக்கத்தான் எல்லை தாண்ட வேண்டும். ஜொகூரின் கிழக்குக் கரையில் இருக்கும் டெசாருவோ மெர்சிங்கோ, நகர வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கும்படி கடலைப் பார்த்து நில்லுங்கள். நிலவொளி இல்லாத இரவாகவும் இருக்கட்டும். ஆடி அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வீதியின் நடுப்பகுதி முன்னிரவிலேயே உயரத்தில் இருக்கும். ஆண்டு இறுதியில் போக வேண்டாம், வடகிழக்குப் பருவமழை அந்தக் கரையை விடாது. அப்புறம், துருவ நட்சத்திரம் இங்கே அடிவானத்தோடு ஒட்டிக் கிடப்பதால், வானின் சுழற்சியைப் பின்தொடரும்படி அதை வைத்துத் தொலைநோக்கியின் அச்சை நேர்செய்யும் வழி கைகொடுக்காது. வேறு முறையைக் கற்றுக்கொண்டு கிளம்புவது நல்லது.

உள்ளூரில் படமெடுப்போருக்கு இப்போது பெரிய சிரமம் தெருவிளக்கு. பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை, அந்த நிறத்தைத் தடுக்கும் கண்ணாடி வடிகட்டி போட்டு ஓரளவு குறைக்க முடிந்தது. வெள்ளை எல்இடி ஒளியில் எல்லா நிறங்களும் கலந்திருப்பதால் அந்த வடிகட்டி எடுபடுவதில்லை.

எனவே தேசியப் பூங்காக் கழகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலை ஒட்டிய ஒரே ஒரு பகுதியில், ஒளி தரையில் மட்டும் விழும்படி விளக்குகளுக்கு மேல்மூடி பொருத்துங்கள். அமாவாசையை ஒட்டிய சில இரவுகளில் அவற்றை மங்கலாக்குங்கள். நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் வேண்டிய வெளிச்சத்தில் கைவைக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ஈசூன்