என் முறத்தில் பீடி குறையாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு

குடியாத்தத்தில் எங்கள் தெருவுக்கும், வேலூரில் எனக்குக் கை கொடுத்தவர்களுக்கும் இந்த மடல். நான் சொல்லச் சொல்ல என் மகள் போனில் அடிக்கிறாள். நடுநடுவே "இதெல்லாம் வேணாம்மா" என்கிறாள். வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

தை மாதத்திலிருந்தே வயிறு உப்பிக்கொண்டிருந்தது. ரெண்டு வாய் களி சாப்பிட்டால் போதும், தொண்டை வரை நிரம்பின மாதிரி இருக்கும். கேஸ் என்று நினைத்து ஓமத்தண்ணி குடித்தேன். ஒரு கிளினிக்கில் ரெண்டு மாசம் கேஸ் மாத்திரையே கொடுத்தார்கள், வயிற்றில் ஒரு தடவைகூடக் கை வைத்துப் பார்க்கவில்லை. பங்குனியில் புடவைக் கொசுவம் நிற்கவில்லை. "இந்த வயசுல முழுகாம இருக்கியா?" என்று கேலி பேசிய மூலைவீட்டுப் பெரியம்மாதான், மறுநாள் என்னைத் திரும்ப நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, "இது கேஸ் இல்லடி, கெளம்பு வேலூருக்கு" என்று பஸ் ஏற்றினார். முதல் நன்றி அவருக்கு.

வேலூரில் வயிற்றிலிருந்து நீர் எடுத்தார்கள். சி.ஏ. 125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை, 35க்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. சதை எடுத்துப் பார்த்து, சினைப்பையில் புற்றுநோய், மூன்றாம் கட்டம் என்றார்கள். அந்த டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் வீட்டுக்காரரிடம் சொல்லாமல் என்னிடமே சொன்னார். முதலில் மூன்று கீமோ, கட்டி சுருங்கின பிறகு ஆபரேஷன், அப்புறம் மூன்று கீமோ. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 21 நாள். நான் கேட்ட ஒரே கேள்வி, "பீடி சுத்தினதால வந்துச்சா?" இந்த நோயில் அப்படிச் சொல்ல முடியாது என்றார். உங்க அம்மாவுக்கு, சின்னம்மாவுக்கு யாருக்காவது மார்பில், வயிற்றில் வந்ததா என்று அவர் திருப்பிக் கேட்டபோதுதான், அந்தக் காலத்தில் "வயித்துக் கட்டி"யில் போன என் சின்னம்மா ஞாபகத்துக்கு வந்தாள். மரபணு பார்க்க ரத்தம் எடுத்தார்கள். தப்பாக ஒன்றும் இல்லை என்று முடிவு வந்த அன்றைக்குத்தான் என் மகள் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

மருந்து ரெண்டு: பேக்ளிடாக்செல், கார்போபிளாட்டின். முதலாவது ஒரு மரப்பட்டையிலிருந்து கண்டுபிடித்ததாம். மூன்று மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறும். முதல் நாள் அது ஏற ஆரம்பித்த சில நிமிஷத்திலேயே முகம் பற்றி எரிந்து மார்பு அடைத்தது. பச்சைத் துப்பட்டா போட்ட அந்த சிஸ்டர் ஓடி வந்து டிரிப்ஸை நிறுத்தி, ஊசி போட்டு, அரை மணி கழித்து மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தார். அதுவரை என் கையை விடவில்லை. பேர் கேட்க மறந்துவிட்டேன் சிஸ்டர்.

லாட்ஜில் பக்கத்து அறை வங்காளத்து அம்மாவை எல்லோரும் "மாசிமா" என்று கூப்பிட்டதால் அதுதான் பேர் என்று நானும் அப்படியே கூப்பிட்டேன். அம்மாவோட கூடப் பிறந்தவள் என்று அர்த்தமாம், பிறகுதான் தெரிந்தது. அவருக்குக் கர்ப்பப்பை வாயில். வாரத்தில் ஐந்து நாள் கரன்ட் வைப்பார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம், அதோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின். அது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடாமல் இருக்கப் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றுவார்கள். அந்தக் களைப்பிலும், எனக்கு எது தின்றாலும் குமட்டுகிறது என்று பார்த்து, பொரியில் கடுகெண்ணெய் ரெண்டு சொட்டு விட்டுக் கொண்டு வந்தார். எண்ணெய் வாசனை ஆகவில்லை. பொரி மட்டும் இறங்கியது. ஆறு கீமோவுக்கும் அதே பொரிதான்.

முடி கொட்ட ஆரம்பித்தது கெங்கையம்மன் சிரசு அன்றைக்கு. வைகாசி ஒண்ணு. தெருவில் மேளம், அம்மன் தலை ஊர்வலம் போகிறது. நான் உள்ளே தலைமாட்டில் கொத்துக் கொத்தாக முடியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா திருவிழாவை விட்டுவிட்டு வந்து, "இழுத்து இழுத்து அழுவாதே" என்று கத்தரி எடுத்தாள். பீடி இலை வெட்டுகிற கத்தரி!

ரெண்டாவது கீமோ முடிந்து ஒன்பதாம் நாள் ராத்திரி காய்ச்சல். 100.4 தாண்டினால் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, உடனே வரணும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். எனக்கு 101. மணி ஒன்று. ஆட்டோ தம்பி லுங்கியோடு எழுந்து வந்து வேலூர் வரைக்கும் ஓட்டினான். வெள்ளணு அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது, விடிவதற்குள் நரம்பில் மருந்து ஏற்றினார்கள். அவன் இன்னும் வாடகை வாங்கவில்லை. தம்பி, இதைப் படித்தால் வீட்டுக்கு வா, பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன். காப்பீட்டு அட்டைக்காக வருமானச் சான்றிதழ் வாங்க அலைந்த கடைசிவீட்டுப் பெண்ணுக்கும், ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. களி கிண்டக் கற்றுக்கொண்ட என் வீட்டுக்காரருக்கு வீட்டிலேயே சொல்லிக்கொள்கிறேன். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று தம்ளரைத் தனியாக வைத்த சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச இந்த மடலில் இடமில்லை.

இப்போது பெரிய கடனுக்கு வருகிறேன். பேக்ளிடாக்செல் விரல் நுனியையும் பாதத்தையும் மரக்க வைக்கும். நாலாவது கீமோவுக்குப் பிறகு நூல் எங்கே இருக்கிறது என்றே விரலுக்குத் தெரியவில்லை. தூளை இலையில் வைத்தால் பாதி மடியில். சுத்தின பீடி நுனியில் பிரிந்துகொண்டது. முப்பது வருஷம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. அன்றைக்கு அழுத மாதிரி, நோய் என்று சொன்ன அன்றைக்குக்கூட நான் அழவில்லை.

முதல் கீமோவிலிருந்தே நாலு பேர் என் கணக்கைச் சுத்திக்கொண்டிருந்தார்கள்: மூலைவீட்டுப் பெரியம்மா, எதிர்வீட்டு அக்கா, பாய் வீட்டம்மா, என் நாத்தனார். பீடிக் கம்பெனி பாஸ்புத்தகத்தில் வேலை நின்றதாக விழக்கூடாது, பி.எஃப். போய்விடும் என்று. தங்கள் வேலையை முடித்துவிட்டு ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு ஐந்நூறு. வாரம் ஆறு நாள், 24 வாரம். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 72,000 பீடி.

கடைசி கீமோ முடிந்து மூன்று மாதம் ஆகிறது. ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது, சி.ஏ. 125 இறங்கி 14. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். பாதம் இன்னும் பஞ்சில் நடக்கிற மாதிரிதான். விரலில் கொஞ்சம் கொஞ்சமாக உணர்வு வருகிறது, நூலின் முறுக்கு தெரிகிறது.

நேற்று ரெண்டு கட்டு, ஐம்பது பீடி சுத்தி, எதிர்வீட்டு அக்கா இல்லாத நேரத்தில் அவள் முறத்தில் போட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் வாசலில் நின்று கத்தினாள்: "யாருடி இது, மூணு பீடி லூசு!" மூன்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆக 47 கழிந்தது. மீதி 71,953.