மடையில் தண்ணீர் வந்த அன்று

பொள்ளாச்சி
ஞாயிறு காலை

அன்பு மாப்ளே,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடாதது என் தப்புதான், திட்டிக்கொள். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தென்னையைப் பற்றிக் கேட்காதே. வாடல் நோய் வந்து கிழக்குத் தோட்டத்தில் முப்பது மரத்தை வெட்டிவிட்டோம்.

விஷயம் வேறு. நம்ம கயிறு மில்காரன் எலெக்‌ஷனில் நிற்கப்போகிறானாம்! போன வாரம் தோட்டத்துக்கு வந்து, "நீ என்னடா சொல்றே?" என்றான். ஹாஸ்டலில் மெஸ் செயலாளர் ஆனபோது அவன் போட்ட கணக்கு உனக்கு ஞாபகம் இருக்கும். சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். முகத்தைப் பார்த்தால் நிஜமாகவே கேட்கிறான். "நாளைக்கு விடியக்காலம் வாய்க்காலுக்கு வா" என்றேன்.

பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் இந்த முறை நம் மண்டலத்துக்குத் தண்ணீர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற முறை, விடுவேனா? அஞ்சரை மணிக்கே இருவரும் மடையில் நின்றோம். முதல் தண்ணீர் ஓடி வரவில்லை, ஊர்ந்து வந்தது. முன்னால் சருகு, தேங்காய் மட்டை நார், ஒற்றை ரப்பர் செருப்பு, ஓரத்தில் அழுக்கு நுரை. வெடிப்பு விட்ட மண் அதைக் குடிக்கும்போது சின்னச் சின்னக் குமிழி. அவன் போன் இரண்டு முறை அடித்தது. எடுக்கவில்லை.

அப்போதுதான் நம்ம பொள்ளாச்சி அருட்செல்வர் நா. மகாலிங்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "மகாலிங்கம் ஐயாவுக்கென்ன, பஸ் கம்பெனி இருந்தது, நின்றார், ஜெயித்தார்" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பணம் இருந்தவர்கள் அன்றைக்கும் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். நாச்சிமுத்துக் கவுண்டர் மகனான ஐயா 1952ல் சட்டமன்றத்துக்குப் போனபோது வயது முப்பதுகூட ஆகவில்லை. 1957, 1962 என்று மறுபடியும் பொள்ளாச்சியிலேயே ஜெயித்தார். அந்த 15 வருஷத்தில்தான் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம் வந்தது. மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய வேலை அது. 1961ல் நேரு வந்து தொடங்கிவைத்ததை உன் அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! ஒருத்தரால் வந்த திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன். காமராசர், சி. சுப்பிரமணியம், வேட்டைக்காரன்புதூர் பழனிச்சாமிக் கவுண்டர் என்று பல கை பட்டது. ஆனால் உள்ளூரிலிருந்து விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தவர்களில் ஐயா ஒருவர்.

ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1967க்கு அப்புறம் அவர் சட்டமன்றத்தில் இல்லை. வயது 44தான். 2014 அக்டோபர் 2ல், சென்னையில் அவர் நடத்திவந்த காந்தி, வள்ளலார் விழாவிலேயே உயிர் போனது. அதாவது எம்.எல்.ஏ.வாக 15 வருஷம், இல்லாமல் 47 வருஷம். அந்த 47 வருஷமும் ஆலை, கல்லூரி, வள்ளலார், புத்தகம் பதிப்பிக்கிற வேலை என்று ஓடிக்கொண்டே இருந்தார். பதவி போனதும் ஆள் சுருங்கிப்போவதைத்தானே நாம் பார்த்திருக்கிறோம்? என் பயமே அதுதான் மாப்ளே. இவன் தோற்றால் பரவாயில்லை, மில் இருக்கிறது. ஜெயித்து, அஞ்சு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்தால் யாராக வருவான்?

அதனால் மடையில் ஒன்றே ஒன்று கேட்டேன்: "நீ அங்கே போய் எதைக் கேட்கப்போறே?" வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "ஆனைமலையாறு நல்லாறு" என்றான், மெதுவாக. அது வந்துவிட்டால் நம் முறை இவ்வளவு தள்ளிப் போகாது என்று நாம் தலை நரைக்கும் வரை பேசிய திட்டம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சரி நில்லுடா என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உனக்கு இந்த வாரம் போன் பண்ணுவான். சின்ன வயசிலிருந்தே அவன் உன் பேச்சைத்தான் கேட்பான். எனக்காக எதுவும் சேர்த்துச் சொல்லாதே, உன் மனசில் பட்டதை மட்டும் சொல். அப்புறம் அவன் என்ன சொன்னான் என்று உடனே எழுது. தண்ணீர் நிற்பதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. அம்மா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

உன்,
மாப்ளே