பேரிக்காய் சிறுத்தது குறித்து எமது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் எமது கடைக்கு வந்த பேரிக்காய்கள் சிறுத்தும் ஒருபக்கம் சூம்பியும் இருந்ததை நீங்கள் கண்டீர்கள். நல்ல காய்களைக் கொழும்பு ஹோட்டல்களுக்கு லொறியில் ஏற்றிவிட்டு, கழித்தவற்றை ஊர் மக்களுக்கு விற்கிறோம் என்று வட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி பரவிவருகிறது. அது உண்மையல்ல. எமது கடையிலிருந்து கொழும்புக்கு ஒரு பெட்டிகூடப் போகவில்லை. தோட்டக்காரர் இறக்கும் கூடை எதுவோ அதுவே தரம் பிரிக்கப்படாமல் உங்கள் முன் வைக்கப்பட்டது. கூடை இறங்கும் காலை வேளையில் எவரும் வந்து நின்று பார்க்கலாம்.

குறை பூவிலேயே தொடங்கிவிட்டது. பேரி மரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு பேரி வகை மரத்தின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவர வேண்டும். அது பூவின் நடுவிலுள்ள ஒட்டும் நுனியான சூலகமுடியில் முளைத்து, குழாய் விட்டு, பின்னர் விதையாகும் சூல்வித்தை அடைந்தால்தான் விதை பிடிக்கும். விதை பிடிக்காத பக்கம் சதை சரியாகத் திரளாது. வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஈரொட்சைட்டும், அதிலிருந்து வெயிலில் உருவாகும் ஓசோனும் மகரந்தத்தின் முளைப்பையும் குழாயின் வளர்ச்சியையும் குன்றச் செய்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். டீசல் புகை பூவின் மணத்தையும் சிதைப்பதால் தேனீ வழி தவறுகிறது. பிரித்தானியாவின் ரெடிங் பல்கலைக்கழகத்தினர் கடுகுச் செடிகளிடையே டீசல் புகையையும் ஓசோனையும் செலுத்திப் பார்த்து 2022 இல் வெளியிட்ட ஆய்வில், மகரந்தம் காவும் பூச்சிகள் 70 சதவீதம் வரையும், அவை பூக்களை நாடுவது 90 சதவீதம் வரையும் குறைந்திருந்தன. அவர்கள் செலுத்திய அளவோ பாதுகாப்பானது என்று கருதப்படும் மட்டத்துக்கும் கீழானது.

நுவரெலியா - வெலிமடை வீதியின் ஏற்றங்களில் பஸ்கள் கக்கும் புகையையும், ஏப்ரல் வசந்தகாலத்தில் நகராமல் நிற்கும் வாகன வரிசையையும் நீங்கள் அறிவீர்கள். எமக்குக் காய் தரும் தோட்டங்களில் வீதியோரத்து மரங்களே மோசமாகக் காய்த்தன. தேயிலை மலைக்குப் பின்னாலுள்ளவை ஓரளவு நன்றாகவே காய்த்தன. பூத்த வேளையில் பெய்த மழையையும் தோட்டக்காரர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். மழைக்கும் பங்கிருக்கலாம், ஆனால் அது இரண்டு இடங்களிலும்தானே பெய்தது?

அந்தச் செய்தியைப் படித்த பின்னரும் எம்மிடமே வந்தவர்களுக்கு, குறிப்பாகச் சம்பள நாளில் பிள்ளைகளுக்கென்று ஒரு கிலோவாவது வாங்காமல் வீடு திரும்பாத தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு, எமது நெஞ்சார்ந்த நன்றி. இனி வீதிக்கு எட்டாத தோட்டங்களிலிருந்தே காய் எடுக்கவிருக்கிறோம். அங்கிருந்து தலைச்சுமையாக இறக்க வேண்டியிருப்பதால் விலை சற்று மாறும். சூம்பிய காய்களை அச்சாறு போடுவோருக்காகத் தனிக் கூடையில் வைப்போம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்