‘டர்ட் புவர்’ கதை சொல்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தினம் ஒரு ஆங்கிலச் சொல் என்று வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பும் ஸ்போக்கன் இங்கிலீஷ் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ‘டர்ட் புவர்’ (dirt poor, அதாவது பரம ஏழை; ‘டர்ட்’ என்றால் மண்) என்ற சொல்லுக்கு நீங்கள் அனுப்பும் கதை இதுதான்: 1500-களில் இங்கிலாந்தில் பணக்காரர் வீட்டுக்கு மட்டும் கல் தரை, ஏழை வீட்டுக்கு வெறும் மண் தரை, அதனால் அந்தப் பெயர் வந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. அது அமெரிக்கர்களின் சொல், பரவலாக எழுத்தில் வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். நடுவே ஏறக்குறைய 400 வருஷம் இடிக்கிறது. அது போக, அன்றைய இங்கிலாந்துக் கிராமங்களில் ஓரளவு வசதியான குடியானவர் வீட்டிலும் மண் தரைதான். அப்புறம் தரையைப் பார்த்து யாரை ஏழை என்று பிரிப்பது?

அந்த ‘டர்ட்’ தரையைச் சொல்லவே இல்லை. கொள்ளை மலிவான பொருளை ‘டர்ட் சீப்’ என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார்கள். மண்ணுக்கு என்ன விலை இருக்கிறது? அதே பாணியில் அமைந்ததுதான் ‘டர்ட் புவர்’. நம் ‘பரம ஏழை’யில் ‘பரம’ என்ன செய்கிறதோ, அதைத்தான் இங்கே ‘டர்ட்’ செய்கிறது.

இந்தக் கதை ஊரெல்லாம் பரவியது 1999-இல் சுற்றிய ஒரு மின்னஞ்சலால். ‘1500-களில் வாழ்க்கை’ என்று தலைப்பு. வாசற்படியைக் குறிக்கும் ‘த்ரெஷோல்ட்’ (threshold) கதையும் அதில் உண்டு: குளிர்காலத்தில் தரை வழுக்காமலிருக்க வைக்கோல் பரப்பினார்களாம், அந்த வைக்கோலுக்கு ‘த்ரெஷ்’ என்று பெயராம், கதவைத் திறந்தால் அது வெளியே சரியுமாம், அதைத் தடுக்க வாசலில் ஒரு கட்டையைப் போட்டார்களாம். நேரில் பார்த்தவர் போல எழுதியிருக்கிறார், பாவி! அந்தச் சொல் ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. முன்பாதிக்கு ‘மிதிப்பது’ என்ற பழைய பொருள் உண்டு. பின்பாதி, கதை சொல்வது போல, பிடித்து நிறுத்தும் ‘ஹோல்ட்’ அல்ல. கடைசி நொடியில் தப்புவதைச் சொல்லும் ‘சேவ்ட் பை த பெல்’ (saved by the bell) தொடருக்கு, உயிரோடு புதைபட்டவர் இழுத்து அடிக்கச் சவப்பெட்டியில் மணி கட்டிய கதையும் அங்கிருந்து வந்ததுதான். உண்மையில் அது குத்துச்சண்டை மேடையில் பிறந்த பேச்சு.

ஒரே ஒரு வேண்டுகோள். சொல்லை அனுப்பும்போது, அது முதலில் எழுத்தில் வந்த ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். சொற்பிறப்பு அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன, இரண்டு நிமிஷ வேலை. கதையும் இருக்கட்டும், பிள்ளைகள் ரசிப்பார்கள். ஆண்டும் கதையும் ஒத்துப்போகிறதா என்று வகுப்பிலேயே அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் இருக்கும் ஒருவர்