வேன் பெயரைச் சொல்லி ஆயில் பில்டர் வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போதைய பெஸ்தாரி ஜெயா) வட்டாரத்தில் பழைய வேன்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்கு ஏற்றிப் போவது, சந்தைக்குக் காய்கறி ஏற்றுவது, கல்யாண வீட்டுக்குச் சமையல் சாமான் இறக்குவது எல்லாம் இவைதான். பெரும்பாலும் நிசான் வானெட், டொயோட்டா லைட்ஏஸ். பள்ளி வேன் ஓட்டிப் பிழைக்கும் எனக்கும் என் நண்பர்களுக்கும் இந்த வண்டிகளில் அடிக்கடி தலைவலி கொடுப்பது எஞ்சின் ஆயிலை வடிகட்டும் ஆயில் பில்டர். விலை கொஞ்சம்தான், ஆனால் தப்பானதை மாட்டினால் எஞ்சினே போய்விடும்.

ஸ்பேர் பார்ட் கடையில் முதலில் கேட்பது "என்ன வேன்?" என்றுதான். நாமும் வேனின் பெயரைச் சொல்வோம். அவர் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து நீட்டுவார். இந்தக் கேள்வியை மாற்ற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கேட்க வேண்டியது "என்ன எஞ்சின்?"

இத்தனை வயதான வேன்களில் பலவற்றில் தொழிற்சாலையில் வைத்த எஞ்சின் இப்போது இல்லை. பழையது தேய்ந்ததும் ஹாஃப்கட் கடையிலிருந்து (வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டிப் பாகங்களை விற்கும் கடை) ஜப்பான் எஞ்சினை இறக்கி மாட்டியிருப்பார்கள். வெளியே பார்த்தால் அதே வேன், உள்ளே இருப்பது வேறு. எஞ்சின் மாற்றினால் வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோய், சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிய வேண்டும் என்பது சட்டம். அப்படிப் பதிந்திருந்தால் வண்டியின் கிராண்டில் (பதிவுப் பத்திரத்தில்) புதிய எஞ்சின் எண் இருக்கும். பொதுவாக அந்த எண்ணின் முன்பகுதியில் வரும் எழுத்தும் இலக்கமும்தான் எஞ்சின் வகை. அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வேன் என்றால் எஞ்சின் பிளாக்கில் (எஞ்சினின் இரும்பு உடலில்) பொறித்திருக்கும் எண்ணோடும் ஒருமுறை ஒப்பிட்டுவிடுவது நல்லது.

"மாட்டிப் பார்த்தேன், சரியாக உட்கார்ந்தது" என்று சொல்பவர்கள் உண்டு. பயமே அங்குதான். ஜப்பான் எஞ்சின்களில் பில்டரைத் திருகி மாட்டும் திரெட் (மரை) முக்கியமாக இரண்டு வகை. ஒன்று முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. டொயோட்டாவில் பெரும்பாலும் இதுதான். மற்றது 20 மில்லிமீட்டர், 1.5 மில்லிமீட்டர் பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி). நிசானின் பிந்தைய எஞ்சின்களில் இது அதிகம். முக்கால் அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், அதன் பிட்ச் 1.5875 மில்லிமீட்டர். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால் 20 மில்லிமீட்டர் பில்டர் முக்கால் அங்குலத் தண்டில் ஏறிவிடும், ரப்பர் வளையமும் ஒட்டும், நின்ற இடத்தில் ஒழுகவும் ஒழுகாது. காலையில் ஆயில் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆயில் அழுத்தம் ஏறும், அப்போது மரை பிடி விட்டுவிடும். என் சக ஓட்டுநர் ஒருவருக்கு ஈஜோக் போகும் சாலையில் இப்படித்தான் நடந்தது. ஆயில் முழுவதும் சாலையில் கொட்டியது, வேனில் பிள்ளைகள் இருந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்ததும் உடனே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார், அதனால் எஞ்சின் தப்பித்தது. அந்த விளக்கு ஆயில் அழுத்தம் விழுந்துவிட்டதைக் காட்டுகிறது. "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டக் கூடாது.

திரெட் சரியாக இருந்தாலும் வேலை முடியவில்லை. பில்டருக்குள் பைபாஸ் வால்வு ஒன்று இருக்கும். பில்டர் அடைத்துக்கொண்டால், அல்லது ஆயில் மிகக் கெட்டியாக இருந்தால், அது திறந்து வடிகட்டாத ஆயிலையாவது எஞ்சினுக்கு அனுப்பும். அழுக்கு ஆயில், ஆயிலே இல்லாததைவிட மேல். சில எஞ்சின்களில் இந்த வால்வு பிளாக்கிலேயே இருப்பதால் அவற்றுக்கான பில்டரில் அது இருக்காது. அதைக் கொண்டுபோய் வால்வு தேவைப்படும் எஞ்சினில் மாட்டினால், பில்டர் அடைத்த அன்றைக்கு எஞ்சின் ஆயில் இல்லாமல் காய்ந்துவிடும். வால்வு ஸ்பிரிங் தேவைக்கு மேல் இளகலாக இருந்தாலோ அது அடிக்கடி திறந்து, பில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

அப்புறம், எஞ்சினை அணைத்ததும் ஆயில் பின்னால் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வு. பில்டர் படுத்தபடியோ வாய் கீழ்நோக்கியோ மாட்டியிருந்தால் இது ரொம்ப முக்கியம். மலிவான பில்டர்களில் இது சாதாரண ரப்பர், சூட்டில் விறைத்துப்போகும். சிலிக்கான் ரப்பர் அதிக நாள் தாங்கும். வானெட், லைட்ஏஸ் இரண்டிலும் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே அடைபட்டிருப்பதால் சூடு அதிகம், ஆகவே சிலிக்கான் உள்ளதைக் கேட்டு வாங்குவதில் லாபம் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் கடகடவென்று சத்தம் போட்டு, ஆயில் விளக்கு அணையத் தாமதமானால் முதலில் இந்த வால்வைச் சந்தேகியுங்கள்.

மாட்டும்போது பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால் பிதுங்கி ஆயில் கொட்டும். புதிய வளையத்தில் ஆயில் தடவி, அது தொட்ட பிறகு கையால் முக்கால் சுற்று போதும் (பெட்டியில் வேறு அளவு போட்டிருந்தால் அதன்படி). ஸ்பேனர் போட்டு இறுக்குவது தேவையில்லாத வேலை.

தப்பான பொருளைக் கொடுத்துவிட்டு மாற்றித் தர மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்கு 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். ரசீது மட்டும் கைவசம் வேண்டும்.

கடைக்காரர்களிடம் பணிவோடு கேட்கிறேன்: பில்டர் நிறுவனங்களின் கேட்டலாக்கில் பொதுவாக எஞ்சின் வகையும் போட்டிருக்கும். எஞ்சின் எண்ணைக் கேட்டு, அதில் பார்த்துக் கொடுங்கள். தங்கள் இதழிலும் இங்கே ஓடும் பழைய வேன் எஞ்சின்களுக்குப் பொருந்தும் பில்டர்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டால், கத்தரித்து வண்டியிலேயே வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்